கல்கத்தாவின் மேஜையும் சிங்கலீலா மலைமுகடும்

இமயமலைப் பயணம் என்றாலே நம் வீடுகளில் பத்ரி, கேதார், கயிலாயம் என்ற யாத்திரைகள்தான் நினைவுக்கு வரும். கொல்கத்தாவில் நாற்பது ஐம்பது வருடங்கள் வாழ்ந்துவிட்ட என் போன்றவர்களுக்கு இன்னொரு இமயமலையும் உண்டு. பூஜா விடுமுறை நெருங்கினால் வங்காளி நண்பர்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். குரங்குக் குல்லாய், கம்பளி, டார்ச் லைட் சகிதம் சியால்டா ஸ்டேஷனில் ஒரு படையே திரளும். அவர்களில் நடக்கத் தெரிந்தவர்கள் பலரும் முதன்முதலாகத் தேர்ந்தெடுப்பது சிங்கலீலா மலைமுகட்டைத்தான்.

நம் அங்கத்தினர் குடும்பங்களைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர், சிங்கலீலாவில் ஐந்தாறு நாள் நடக்க ஒரு திட்டம் போட்டுத் தருமாறு என்னைக் கேட்டிருந்தார்கள். அரசுப் பணியில் இருந்தவனுக்கு எதற்கும் பழைய கோப்பைத் தேடிப் பார்க்கும் வழக்கம் போகாது. இந்த மலைமுகட்டுக்கு இதற்கு முன் போனவர்கள் எப்படித் திட்டமிட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அதில் தெரிந்துகொண்டவை பல ஊர்களில் உள்ள நம் அன்பர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எல்லையாக நிற்கும் மலை

சிங்கலீலா என்பது கஞ்சன்ஜங்கா சிகரக் கூட்டத்திலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் ஒரு நீண்ட மலைமுகடு. இதன் மேற்கே நேபாளம். கிழக்கே வடபகுதியில் சிக்கிமும் தென்பகுதியில் மேற்கு வங்காளத்தின் டார்ஜிலிங் மாவட்டமும் உள்ளன. மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடமான சந்தக்பூ (3,636 மீட்டர், அதாவது 11,929 அடி) இதன் மேல்தான் இருக்கிறது. உலகின் ஐந்து மிக உயர்ந்த சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகிய நான்கையும், வானம் தெளிவாக இருந்தால், அங்கே நின்றபடியே பார்க்கலாம். கஞ்சன்ஜங்கா அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். எவரெஸ்ட் அதைப்போல் இரண்டு மடங்கு தொலைவு.

இது எல்லையானது பத்தொன்பதாம் நூற்றாண்டு உடன்படிக்கைகளால். கூர்க்கா யுத்தத்தின் முடிவில் 1816-ல் உறுதியான சுகௌலி உடன்படிக்கையும், 1817-ல் சிக்கிம் அரசருடன் ஏற்பட்ட டிடாலியா உடன்படிக்கையும் மேச்சி நதியையும் இம்மலைமுகட்டையும் நேபாளத்தின் கிழக்கு வரம்பாக்கின. 1835-ல் டார்ஜிலிங் மலையைச் சிக்கிம் அரசர் கும்பினிக்குக் கொடுத்தார். இன்றும் நடைபாதை ஒரு மணி நேரம் இந்தியாவில் போகும், அடுத்த அரை மணி நேரம் நேபாளத்தில் போகும். பல பயணிகள் இரவு தங்கும் தும்லிங் நேபாளத்து ஊர். 1950-ஆம் ஆண்டின் இந்திய–நேபாள ஒப்பந்தம் இரு நாட்டவரும் தடையின்றிச் சென்றுவர வழி செய்திருப்பதால் நமக்குச் சிரமம் இல்லை. ஆனால் 2001 முதல் இந்த எல்லையைக் காப்பது சஸஸ்த்ர சீமா பல் படையினர். ஆகவே புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

பரங்கிமலையில் தொடங்கிய கணக்கு

இந்தச் சிகரங்களின் உயரக் கணக்குக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோடு பெரும்பாக்கம் வரை சென்றது. அதிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அளந்துகொண்டே வடக்கே போன பெரும் முக்கோண அளவைதான் அரை நூற்றாண்டுக்குப் பிறகு இமயச் சிகரங்களின் உயரத்தைச் சொன்னது.

1847-ல் ஆண்ட்ரூ வா டார்ஜிலிங் பக்கத்திலிருந்து கஞ்சன்ஜங்காவை அளந்தார். அப்போது அதுவே உலகின் உச்சி என்று பலரும் நம்பினார்கள். ஆனால் அதற்கும் மேற்கே, வெகு தூரத்தில் இன்னொரு முனை தென்பட்டது. அதைப் பிறகு 15-ஆம் எண் சிகரம் என்று குறித்தார்கள். சமவெளியில் ஆறு நிலையங்களிலிருந்து, நூறு மைலுக்கும் அதிகமான தூரத்திலிருந்து, அதைத் தியோடலைட் கருவியால் நோக்கினார்கள். ஒளி காற்றில் வளைந்து வருவதால் ஏற்படும் பிழையைக் கழித்துக் கணக்குப் போட்டு, 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 2020-ல் சீனாவும் நேபாளமும் சேர்ந்து அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் சுமார் முப்பது அடிதான். பௌதிகம் படித்தவர்களுக்கு இது எத்தனை பெரிய சாதனை என்று புரியும்.

அந்தக் கணக்குப் பணியில் முதன்மையானவர் ராதாநாத் சிக்தார். 1813-ல் பிறந்து, கல்கத்தா ஹிந்து காலேஜில் படித்து, 1831-ல் அளவைத் துறையில் சேர்ந்தவர். 1849-ல் தலைமைக் கணக்காளராகக் கல்கத்தாவுக்கு வந்தார். ஒரு மலையின் உயரத்தை அந்த மலைக்கே போகாமல் மேஜையில் உட்கார்ந்து கண்டறியும் பணி அவருடையது. இது பலர் சேர்ந்து செய்த வேலை என்றாலும் அவர் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. 2004-ல் நம் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

ராதாநாத்தைப் பற்றி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. 1843-ல் அவர் டேராடூனில் பணியாற்றியபோது, வான்சிட்டார்ட் என்ற மாஜிஸ்ட்ரேட் அளவைத் துறையின் கூலியாட்களைத் தம் சொந்தச் சாமான்களைக் கூலியின்றிச் சுமக்க வைத்தார். ராதாநாத் அதைத் தட்டிக் கேட்டார். விவகாரம் வழக்காகி, அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அந்நாளில் அது பெரிய தொகை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியை எதிர்த்து ஓர் இந்திய ஊழியர் நின்றது கல்கத்தாப் பத்திரிகையிலும் வெளிவந்தது. உலகின் உச்சியைக் கணக்கில் கண்டவர், அடிவாரத்தில் மூட்டை தூக்குபவனுக்காக அபராதம் கட்டினார். சிங்கலீலாவின் பழைய பயணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது இந்தச் சம்பவம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது.

ஐம்பத்தாறு பேர்

சிங்கலீலாவைத் தாண்டிச் சென்ற பயணங்களில் விவரமாகப் பதிவானவற்றுள் முற்பட்டது தாவரவியல் அறிஞர் ஜோசப் டால்டன் ஹூக்கருடையது. 1848 ஜனவரியில் கல்கத்தாவில் இறங்கிய ஹூக்கர் ஏப்ரலில் டார்ஜிலிங் சேர்ந்தார். மே மாதமே டோங்லு வரை ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். அதன்பின் அவசரப்படவில்லை. மழைக்காலம் முழுவதும் காத்திருந்தார். நேபாளத்தின் ஜங் பகதூரிடமிருந்து அனுமதியும் காவலர்களும் வந்த பிறகு, அக்டோபர் 27 அன்று புறப்பட்டு டோங்லு வழியாக நேபாளத்தில் இறங்கினார்.

அவர் கட்சியில் 56 பேர். யார் யார் எதற்காக என்று அவர் எழுதி வைத்திருக்கும் கணக்கை எந்த அலுவலகத்திலும் மாதிரிக் குறிப்பாக வைக்கலாம். கூடாரம், கருவிகள், படுக்கை, துணிப்பெட்டி, புத்தகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். செடிகளை உலர்த்தும் காகிதம் முதலிய விஞ்ஞானச் சாமான்களுக்கு ஏழு பேர். பறவைகளைச் சேகரிப்பவர்களுக்கு நால்வர். மரம் ஏற மூன்று லெப்சா இளைஞர்கள். உணவுக்கு மட்டும் பதினான்கு பேர். அவர்கள் சுமந்தது பெரும்பாலும் அரிசி, அத்துடன் நெய், எண்ணெய், மிளகாய், உப்பு, மாவு. ஒரு மனிதர் செடி பறிக்கப் போக இத்தனை முதுகுகள் தேவைப்பட்டன என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தப் பயணங்களின் விவரங்கள் 1854-ல் புத்தகமாக வந்தன. அதை அவர் சார்லஸ் டார்வினுக்குச் சமர்ப்பித்தார்.

ஹூக்கர் உயரத்தை அளந்த வழிகளில் ஒன்று தண்ணீரைக் கொதிக்க வைப்பது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கொதிநிலையைத் தெர்மாமீட்டரில் பார்த்தால் உயரம் தெரிந்துவிடும். சந்தக்பூவில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதிக்கும். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்: அங்கே திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. குக்கர் இல்லாமல் சாம்பார் கனவு காணக்கூடாது.

புத்தகமாக வந்த திட்டம்

1878-ல் வடக்கு வங்காள ரயில்பாதை சிலிகுரியை எட்டியது. 1881-ல் மலை ரயில் டார்ஜிலிங்கை அடைந்தது. கல்கத்தாவில் மாலை ரயில் ஏறினால் மறுநாள் மலையில் இருக்கலாம் என்றான பிறகு மலைநடை ஒரு விடுமுறைப் பொழுதுபோக்காகியது. ஜோர்பொக்ரி, டோங்லு, சந்தக்பூ, ஃபாலுட் என்று வழிநெடுக அரசு பங்களாக்கள் இருந்தன. டார்ஜிலிங் டெபுடி கமிஷனர் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த பெர்சி பிரவுன், இந்தியக் கட்டடக் கலை பற்றிய நூல்களால் நம்மில் சிலருக்கு அறிமுகமானவர். அவர் 1917-ல் சிக்கிம், டார்ஜிலிங் நடைப்பயணங்களுக்கு ஒரு கையேடு எழுதினார். அதைக் கல்கத்தா நியூமன் கம்பெனி வெளியிட்டது. எந்த பங்களாவிலிருந்து எந்த பங்களாவுக்கு எத்தனை மைல், என்ன எடுத்துப் போவது என்று நாள்வாரியாகத் திட்டம் போட வழி சொன்ன புத்தகம் அது. 1927-ல் கல்கத்தாவில் இந்திய மலையேற்றக் கழகம் தொடங்கியது; 1928-ல் டில்லியில் பிறந்த ஹிமாலயன் கிளப்புடன் அவ்வாண்டே இணைந்தது. அந்த கிளப்பின் டார்ஜிலிங் கிளை செய்த மிக உபயோகமான காரியம் சுமைதூக்கும் ஷெர்பாக்களின் பெயர்களையும் அனுபவத்தையும் பதிவேட்டில் எழுதி வைத்தது என்பேன். சிறந்தவர்களுக்குப் புலிப் பதக்கம் கொடுத்தார்கள். இளம் டென்சிங்கும் அதைப் பெற்றவர். பெயரில்லாமல் இருந்தவனுக்குப் பெயரும் தகுதிச் சான்றும் கிடைத்தது அப்போதுதான்.

1947 பிரிவினை இந்த வழியைத் துண்டித்தது. சிலிகுரிக்குப் போன ரயில்பாதையின் பெரும்பகுதி கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போயிற்று. கல்கத்தாக்காரர்கள் சாஹிப்கஞ்ச் பக்கமாகச் சுற்றிச் சென்று, சக்ரிகலி காட்டில் ஸ்டீமர் ஏறிக் கங்கையைக் கடந்து, மணிஹாரி காட்டில் மறுபடி ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. 1971-ல் ஃபராக்காவில் ரயில் போக வழி கிடைத்த பிறகே இந்தத் தொல்லை தீர்ந்தது. மூட்டை முடிச்சுடன் மணலில் ஓடி இடம் பிடித்த கதைகளை என் அலுவலகத்து மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அதே காலத்தில்தான் வங்காளிகள் மலையேற்றத்தைத் தங்கள் சொத்தாக்கிக் கொண்டார்கள். டாக்டர் பி.சி. ராயின் முயற்சியாலும் நேருவின் ஆதரவாலும் 1954 நவம்பர் 4 அன்று டார்ஜிலிங்கில் ஹிமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1960-ல் சுகுமார் ராய் தலைமையில் வங்காள இளைஞர் குழு ஒன்று ஆனந்தபஜார் பத்திரிகையின் ஆதரவுடன் நந்தாகுண்டி சிகரத்துக்குச் சென்றது. அதன்பின் கல்கத்தாவில் தெருவுக்குத் தெரு மலைநடைச் சங்கங்கள் தோன்றின.

ஒரே பாதை, இரண்டு முடிவுகள்

ஒரே மலைமுகட்டின் வழியாக, ஐம்பது வருட இடைவெளியில், ஒரே சிகரத்தை நோக்கி இரண்டு குழுக்கள் சென்றன. இரண்டையும் ஒப்பிட்டால் திட்டம் என்பது என்ன என்று தெளிவாகும்.

1905-ல் ஜூல் ஜாகோ-கில்லார்மோ என்ற சுவிஸ் மருத்துவரும் அலெய்ஸ்டர் குரோலி என்ற ஆங்கிலேயரும் கஞ்சன்ஜங்காவில் ஏறப் புறப்பட்டார்கள். சாமான்களுக்குக் குறைவில்லை. ஆனால் டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பியது ஆகஸ்ட் 8. வங்காளத்தில் வாழ்ந்த எவரும் ஆகஸ்ட் மாதத்தில் குடை இல்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டார்கள். மழையில் சிங்கலீலாவைக் கடந்து யாலுங் பனிப்பாறைக்குப் போனார்கள். தலைவர்களுக்குள் பூசல். சுமைதூக்குபவர்கள் சரியாக நடத்தப்படவில்லை என்ற புகார். செப்டம்பர் 1 அன்று ஒரு பனிச்சரிவில் அலெக்சி பாஷ் என்ற சுவிஸ் இளைஞரும் சுமைதூக்கிகள் மூவரும் இறந்தார்கள். அதோடு பயணம் முடிந்தது.

1955-ல் சார்லஸ் எவன்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு வந்தது. மார்ச் மாதத்தில், மழைக்கு வெகு முன்னதாக, டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பியது. ஹிமாலயன் கிளப்பின் டார்ஜிலிங் செயலாளராக இருந்த திருமதி ஜில் ஹெண்டர்சன், பதிவேட்டின் துணையுடன் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். ஷெர்பாக்களின் தலைவர் தாவா டென்சிங். அவர்களும் சிங்கலீலா வழியே நடந்து யாலுங்கை அடைந்தார்கள். மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும், மறுநாள் வேறு இருவரும் மேலே போனார்கள். சிக்கிம் மக்கள் அந்தச் சிகரத்தைத் தெய்வமாகக் கருதுவதால் உச்சியை மிதிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதன்படி சில அடிகள் கீழேயே நின்று திரும்பினார்கள். அந்தப் பயணத்திலும் ஒரு ஷெர்பா நோயால் இறந்தார் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

இரண்டு குழுக்களிலும் தைரியசாலிகள் இருந்தார்கள். காலம், தலைமை, உடன் வருபவர்களை நடத்தும் விதம் ஆகிய மூன்றில்தான் வேறுபாடு.

இன்று போகிறவர்களுக்கு

1980-களில் ஒரு நவம்பரில் அலுவலக நண்பர்கள் நால்வருடன் நான் சந்தக்பூ வரை நடந்திருக்கிறேன். எங்கள் மூட்டைகளைச் சுமந்து வந்தவர் ஐம்பது வயதைக் கடந்த நேபாளிப் பெரியவர். நெற்றியில் ஒரு பட்டை. அதில் தொங்கும் கூடையில் எங்கள் ஐவரின் போர்வைகளும் அரிசியும். நாங்கள் வேகமாக நடந்து மூச்சு வாங்கும்போதெல்லாம் "பிஸ்தாரே, பிஸ்தாரே" என்பார். நேபாளியில் "மெதுவாக" என்று அர்த்தம். அவர் காலில் இருந்தது கான்வாஸ் ஷூ. இரவில் எங்களுக்கு இரண்டிரண்டு கம்பளிகள் இருந்தன. அவருக்கு என்ன இருக்கிறது என்று முதல் இரவே எங்களில் மூத்தவரான ஒரு வங்காளி நண்பர் விசாரித்து, தன் கம்பளி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பட்டியலில் ஐந்து பேருக்குத்தான் கணக்குப் போட்டிருந்தோம். உண்மையில் நாங்கள் ஆறு பேர்.

அந்தப் "பிஸ்தாரே" என்ற சொல்லில் விஞ்ஞானமும் இருக்கிறது. சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 64 சதவீதம்தான். அந்த விகிதத்தில் பிராணவாயுவும் குறைவு. உடல் இதற்குப் பழக நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவிதி. பழைய நடைவழி தானாகவே இதற்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. மானேபஞ்சாங்கிலிருந்து முதல் நாள் டோங்லு (3,070 மீட்டர்) அல்லது தும்லிங். இரண்டாம் நாள் கைரிபாஸுக்கு இறங்கி மறுபடி ஏறிக் காலிபொக்ரி. மூன்றாம் நாள் சந்தக்பூ. மொத்தம் சுமார் 31 கிலோமீட்டர். விருப்பமும் பலமும் இருந்தால் இன்னும் 21 கிலோமீட்டர் முகட்டின் மேலேயே நடந்து ஃபாலுட் போய், கோர்க்கே, ராம்மாம், ஸ்ரீகோலா வழியாக ரிம்பிக்கில் இறங்கலாம்.

இப்போது ஜீப் மேலே வரை போகிறது. ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச் சென்ற லேண்ட்ரோவர்கள் ஓடின. சில இன்னும் ஓடுகின்றன. இதில் ஓர் ஆபத்து உண்டு. சமவெளியில் காலை உணவு சாப்பிட்டவர் அன்று மாலையே பன்னிரண்டாயிரம் அடியில் இருப்பார். கடந்த சில வருடங்களில் சந்தக்பூ சென்ற பயணிகள் சிலர் உயரத்தில் உடல்நிலை கெட்டு உயிரிழந்த செய்திகளைக் கொல்கத்தாப் பத்திரிகைகளில் வருத்தத்துடன் படித்தோம். அவர்களில் இளவயதினரும் உண்டு. ஆகவே ஜீப்பில் போகிறவர்களும் வழியில் ஓரிரு இரவுகள் தங்கித்தான் ஏற வேண்டும். தலைவலி, வாந்தி, நிதானமின்மை கண்டால் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று இருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். இருதய, ஆஸ்துமா, ரத்த அழுத்தத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கூடாது.

இந்தப் பகுதி 1992 முதல் தேசியப் பூங்கா. செம்பாண்டா வாழும் காடு. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மூடிவிடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ரோடோடெண்ட்ரான் பூக்கும்; அக்டோபர், நவம்பரில் சிகரங்கள் தெளிவாகத் தெரியும். மானேபஞ்சாங்கில் பதிவு செய்து உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ள வேண்டும். எல்லைப்புற வரைபடங்கள் முன்பு பொதுமக்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது. 2021-ல் அரசு வரைபட விதிகளைத் தளர்த்திய பிறகு அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. இருந்தாலும் மூடுபனியில் வரைபடத்தை விட வழிகாட்டியே மேல். சாப்பாட்டுக்கு அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சத்துமாவு போதும். தங்குமிடங்களில் சாதமும் பருப்பும் உருளைக்கிழங்கும் கிடைக்கும். நம்மவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

நம் இளைஞர்களுக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டத்தில் நபர்கள் என்ற பத்தியில், போகிறவர்கள் எட்டுப் பேருடன் வழிகாட்டியையும் சுமைதூக்குபவர்கள் இருவரையும் சேர்த்துப் பதினொன்று என்று போட்டிருக்கிறேன். பதினொரு பேருக்கும் கம்பளி, பதினொரு பேருக்கும் சாப்பாடு, பதினொரு பேருக்கும் மருந்துப்பெட்டி. ஓர் ஆளுக்கு எத்தனை கிலோ சுமை, தினக்கூலி எவ்வளவு, உடல்நலம் கெட்டால் கீழே கொண்டுவர யார் பொறுப்பு என்பதையும் புறப்படும் முன்பே பேசி எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். செலவு கொஞ்சம் கூடுகிறதே என்று ஒரு பையன் கேட்டான். ராதாநாத் சிக்தார் கட்டிய இருநூறு ரூபாயைப் பற்றிச் சொன்னேன், மறுபேச்சு இல்லை.

மற்ற ஊர்களில் உள்ள அன்பர்கள் யாரேனும் வரும் அக்டோபரில் இந்த வழியே நடக்க விரும்பினால் ஜூலையிலேயே டிக்கெட் எடுத்து, தினமும் ஒரு மணி நேரம் நடக்கவும் மாடிப்படி ஏறவும் ஆரம்பித்துவிட வேண்டும். எல்லோரும் க்ஷேமமாகப் போய் வர என் ஆசிகள்.